சிகாட்டு துரையின் நல்லடக்கம்

செமர்லாங் ராயா பல்கலைக்கழகத்தில் இளங்கலை சுகாதார அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே கற்றுக்கொடுக்கிற பாடம், மனிதர்களைத் தொடக்கூடாது என்பது. மனிதர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்கள். பாடத்தில் இருக்கிற வரிசைப்படி நோய்வாய்ப்பட மாட்டார்கள். சமயத்தில் வழக்கும் போடுவார்கள். ஆகவே பல்கலைக்கழகம் வெளிநாட்டிலிருந்து ஒரு நோயாளியை வரவழைத்து வைத்திருந்தது.

நோயாளியின் பெயர் துவான் சிஹாட். மலாயில் சிஹாட் என்றால் ஆரோக்கியம். துவான் என்றது மரியாதைக்காக. ரப்பர் தோல், நீலக் கண், தானாக மூடித் திறக்கிற இமை, ஏறி இறங்குகிற நெஞ்சு. பொத்தானை அழுத்தினால் வியர்ப்பார். இன்னொன்றை அழுத்தினால் வாந்தி எடுப்பார். "எனக்கு நெஞ்சு வலிக்கிறது, பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சுத்தமான ஆங்கிலத்தில் முனகுவார். அவருக்குத் தனி அறை, தனி ஏர்கோன், ஆண்டுக்கு ஒரு தடவை பிறந்தநாள் கேக். மாணவர் விடுதியில் மின்விசிறி ஓடாமல் கிடந்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அவரைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

இறுதியாண்டு படிக்கிற விக்னேஸ்வரிக்கு இந்த விஷயத்தில்தான் இடித்தது. பிரிஞ்சாங் என்கிற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா தங்கையா, தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். படிப்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ரப்பரைப் பார்த்து வணக்கம் சொல்ல வாய் வரமாட்டேன் என்றது. செய்முறைத் தேர்வில் விரிவுரையாளர் உமாதேவி கையில் பட்டியலோடு மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"விக்னேஸ்வரி, கதவத் தட்டுனீங்களா?"

"நான் உள்ளதானே நிக்கிறேன் மிஸ்."

"இருந்தாலும் தட்டணும். அதுக்கு மார்க் இருக்கு."

"யாரு மிஸ் திறப்பா?"

"திறக்கறது பேஷண்ட்டோட உரிம. அதுல நாம தலையிட முடியாது."

அன்றைக்கு நின்றுபோன துவான் சிஹாட்டின் இதயத்தை விக்னேஸ்வரி வியர்க்க வியர்க்க அழுத்தி மறுபடி ஓடவைத்தாள். தேர்ச்சி எல்லையைத் தொட்டும் தொடாமலும் ஒரு மதிப்பெண் வந்தது. அடுத்து வந்த அகிலன் கதவைத் தட்டினான், வணக்கம் சொன்னான், தன் பெயரையும் ஆண்டையும் சொன்னான், கையைத் துடைத்துக்கொண்டான், தொடலாமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றான். அதற்குள் நோயாளி இறந்துபோனார். மிகுந்த மரியாதையோடு இறந்துபோனார். அகிலனுக்கு வகுப்பில் முதலிடம்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு சோதனை வந்தது. தரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமானால் சமூகத்துக்கு ஏதாவது செய்திருக்க வேண்டுமாம். புலத்தலைவர் பேராசிரியர் டத்தோ டாக்டர் பசுபதி உடனே ஆசிரியர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் அழைத்துக் கூட்டம் போட்டார். டத்தோ பட்டம் அவருக்கு சுல்தான் கொடுத்தது, டாக்டர் பட்டம் வாங்கியது தங்கும் விடுதி நிர்வாகத்தில். அதனால்தானோ என்னவோ, படுக்கை விரிப்புகளைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறை படுத்திருப்பவர்களைப் பற்றி இருந்ததில்லை.

"நமக்கு உடனடியாக ஒரு சமூகம் தேவைப்படுகிறது," என்றார். "ஏழையாக இருக்க வேண்டும். ஆனால் வாகனம் போகிற இடமாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் நல்ல ஹோட்டல் இருந்தால் உத்தமம். குளிர்ச்சியான இடம் என்றால் படங்கள் அழகாக வரும்."

எல்லாத் தலையும் விக்னேஸ்வரியின் பக்கம் திரும்பியது.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில் பல்கலைக்கழகம் மலையேறியது. வாடகைக்கு எடுத்த ஆம்புலன்ஸில் துவான் சிஹாட், மேலே இரண்டு கம்பளியும் பக்கத்தில் ஹீட்டருமாகப் படுத்து வந்தார். அவரை இயக்கவே சம்பளம் வாங்கும் தினேஸ்வரன் மடிக்கணினியோடு கூட வந்தான். பின்னால் வந்த பேருந்தில் மாணவர்கள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார்கள். உயிருள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கிற சான்றிதழ் யாரிடமும் இல்லாததால் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கூடாரம். ‘மக்களை நோக்கிச் சுகாதாரம்’ என்று பதாகை. நாற்காலிகள் விருந்தினர்களுக்கு, தரை மக்களுக்கு. அந்த நாற்காலிகளை விடியற்காலையிலிருந்து லோரியில் ஏற்றி இறக்கியவர் தங்கையா. சமூகம் காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. சிறப்பு விருந்தினர் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தார். அவர் ஏறி வந்த காடி, அவர் பின்னால் வந்தவர்கள் காடி, அவர்களைப் படம் எடுப்பவர்கள் காடி என்று ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தோட்டத்து ஒற்றைப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த வரிசைக்கு வெளியே, முகப்பில் சாலையைப் பார்த்து நின்ற ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வெளியே போக முடிந்த வண்டி. கூட்டம் கைதட்ட, சைரன் ஊத, துவான் சிஹாட் அதில் ஏறிப் போவது நிகழ்ச்சியின் உச்சக்கட்டம்.

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"தோட்டத்து மக்களே! உங்கள் முன் படுத்திருக்கும் இவரைப் பொம்மை என்று நினைக்காதீர்கள். பொம்மை என்று சொல்பவன் மனிதநேயம் அற்றவன். இவர் நம் உறவு. உங்கள் வீட்டில் ஒருவருக்கு என்ன செய்வீர்களோ அதையெல்லாம் இவருக்குச் செய்ய வேண்டும். அதுதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் தத்துவம்!"

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த சின்னக்கருப்பன் கங்காணி அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் துவான் பட்டமுமாகக் கிடந்தவருக்கு லயத்துச் சனங்கள் அதற்குள் சிகாட்டு துரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துரைக்கு நெஞ்சு வலித்தது. அகிலன் தலைமையில் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிக் கட்டி, வயர்களைப் பூட்டி, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கூடாரத்தின் ஓரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த தங்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்ணில் உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

கூட்டம் கைதட்டியது. இரண்டாவது காட்சி என்று நினைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் டத்தோவின் பக்கம் சாய்ந்து, "உள்ளூர்க்காரரையும் சேர்த்துக்கொண்டது நல்ல யோசனை, நன்றாக நடிக்கிறார்," என்றார். டத்தோ அடக்கமாகச் சிரித்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

அகிலன் ஓடி வந்தான். ஓடி வந்தவன் தயங்கினான். கதவு இல்லை. கூடாரக் கம்பத்தைத் தட்டினான்.

"வணக்கம் ஐயா. என் பேரு அகிலன். இறுதியாண்டு மாணவன். ஒங்களத் தொட அனுமதி..."

"தொடுப்பா," என்றார் தங்கையா. "சீக்கிரம் தொடு."

"கைய மட்டும் துடைச்சிக்கிறேன் ஐயா."

விக்னேஸ்வரி அவனைத் தள்ளிவிட்டாள். வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்து, நாடியைப் பிடித்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆஸ்பிரின் எடுத்து, "மென்னு முழுங்குங்கப்பா," என்று வாயில் போட்டாள். அம்மா தங்கம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

பாதை அடைபட்டுக் கிடக்கிறது. கீழே பிரிஞ்சாங் முழுக்க விடுமுறை நெரிசல். சைரன் இல்லாமல் ஒரு வண்டி நகராது. விக்னேஸ்வரி ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தாள்.

"என்ன செய்யறீங்க?" என்று உமாதேவி குறுக்கே வந்தார். "உள்ள பேஷண்ட் இருக்காரு!"

"மிஸ், அது..."

"சொல்லாதீங்க! அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க, மார்க் போயிரும்!"

"எங்கப்பா செத்துருவாரு மிஸ்!"

உமாதேவி நிஜமாகவே கலங்கிப்போனார். பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "இதுல எடமே இல்லயே விக்னேஸ்வரி. ஒரு பேஷண்ட்டுதான் போட்டிருக்கு."

டத்தோ வந்து சேர்ந்தார். நெருக்கடியில் தலைமை தாங்கிப் பழகியவர் என்பதால் குரலில் பதற்றம் இல்லை. "இரண்டு நோயாளிகள் இருக்கும்போது யார் முதலில் பதிவானாரோ அவருக்கே முன்னுரிமை. உணர்ச்சிவசப்பட்டுத் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது. மேலும் அவரை இன்னும் படம் எடுத்து முடிக்கவில்லை."

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பழனியப்பன் பல்கலைக்கழகத்தில் படித்தவரில்லை, வாடகைக்கு வந்தவர். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தார். "தங்கச்சி, நீ கால புடி, நான் தலைய புடிக்கிறேன்," என்றார்.

வயர்கள் பட்பட்டென்று தெறித்தன. தினேஸ்வரன் மடிக்கணினியை அணைத்துக்கொண்டு கத்தினான். "எனக்கு நெஞ்சு வலிக்கிறது," என்றார் துவான் சிஹாட் ஆங்கிலத்தில். அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் பலகையில் போட்டுவிட்டு, தங்கையாவை ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் சைரன் ஊதிக்கொண்டு கிளம்பியது. நிகழ்ச்சி நிரலில் இருந்ததும் அதுதான் என்பதால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கீழே தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் அப்பாமேல் விழுந்து வேலை பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். விக்னேஸ்வரி நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். தான் என்ன படித்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அப்பா பிழைத்த சந்தோஷத்தைக்கூட அந்த ஆத்திரம் பாதி தின்றுவிட்டது.

மறுநாள் ஆரஞ்சுப் பழங்களோடு சின்னக்கருப்பன் கங்காணி பார்க்க வந்தார். தூங்குகிற தங்கையாவை ஒரு தடவை பார்த்துத் திருப்தியடைந்து, விக்னேஸ்வரியை வெளியே அழைத்துப்போனார். நெற்றியில் திருநீறு தூக்கலாக இருந்தது.

"மாமா, அந்த சாமான எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"எந்த சாமான்?"

"அதான் மாமா, சிஹாட்டு."

கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "தொர தவறிட்டாரும்மா."

"தவறிட்டாரா?" என்றாள் விக்னேஸ்வரி.

"நீங்க போனதும் எல்லாப் பெரிய மனுசனும், படிக்கற பிள்ளைங்களையும் பஸ்ல ஏத்திக்கிட்டு, பிரிஞ்சாங் ஓட்டலுக்குச் சாப்புடப் போயிட்டானுங்க. வந்த வேல முடிஞ்சிருச்சில்ல. அந்த கம்பியூட்டர் பையனும் சார்ஜர் வாங்கியாறேன்னு எவன் மோட்டார்லயோ தொத்திக்கிட்டுப் போனான், ஜேம்ல மாட்டிக்கிட்டான். பனி எறங்குது. தொர பலகையில கெடக்காரு. நெஞ்சு ஏறுது, எறங்குது, ஏறுது. அப்புறம் ஏறவே இல்ல. மலாயில ஒரு தடவ, இங்கிலீஸ்ல ஒரு தடவ, நோயாளி இறந்துட்டாருன்னு அவரே சொல்லிட்டு அடங்கிட்டாரு. பாவமா போச்சு."

"மாமா, அது பேட்டரி."

"இரு லா, சொல்றேன். நம்மளா முடிவெடுக்கக் கூடாதுன்னு டத்தோவுக்குப் போன் போட்டேன். கார்டு குடுத்திருந்தாரே. ஐயா, ஒங்க சிகாட்டு தொர பலகையில கெடந்தபடியே மூச்ச விட்டுட்டாரு, என்னா செய்யறதுன்னேன். அந்தாண்ட மேசையில ஸ்டீம்போட் சூப்புச் சட்டி கொதிக்கற சத்தம் கேக்குது. அவரு சொன்னாரு, அருமை, அருமை, இதுதான் சமூகப் பங்கேற்பு, ஒங்க வீட்டு ஆளு எறந்தா என்ன செய்வீங்களோ அத அப்படியே செய்ங்க, படம் எடுத்து அனுப்புங்கன்னாரு."

"செஞ்சிட்டீங்களா?"

"கொறையில்லாம செஞ்சோம். குளுப்பாட்டுனோம். அப்ப கொஞ்சம் பொறி பறந்துச்சு. நெத்தியில காசு வச்சி, கால் கட்டவிரல சேத்துக் கட்டி, வாய்க்கட்டு கட்டுனோம். நம்ம லயத்து பரமேஸ்வரியும் மத்த பொம்பளைங்களும் மொதல்ல சிரிச்சாளுங்க. அப்புறம் எவளோ ஒருத்தி, தொரைக்கு வண்டி குடுத்தான், நம்ம தங்கையாவுக்குக் குடுக்கலயேன்னு மாரடிச்சா பாரு, எல்லாரும் நெசமாவே அழுதுட்டாளுங்க. மேளம் வச்சோம். எரிக்கலாம்னா ரப்பரு நாத்தம் தாங்காது, தொரமாருங்கள பொதைக்கறதுதானே வழக்கம். மேட்டுல பழைய தொர ஒருத்தர் சமாதி இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணிட்டோம். படமும் அனுப்பிட்டேன்."

"மாமா, அது பொம்மைன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்படிச் சொல்லக் கூடாதுன்னு மைக்குல சொன்னாங்களேம்மா," என்றார் கங்காணி. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

அடக்கம் நடந்த மாலை, படம் டத்தோவின் கைப்பேசிக்கு வந்தபோது அவர் இன்னும் ஹோட்டல் மேசையில்தான் இருந்தார், இனிப்புக்கு வந்திருந்தார். அதை உடனே பல்கலைக்கழகத்தின் முகநூலில் போடவும் சொல்லிவிட்டார். குழி நிஜக் குழி என்பது, பாடைப் படத்துக்கு அடுத்து வந்த, மண் தள்ளுகிற இரண்டாவது படத்தில்தான் அவருக்குப் பிடிபட்டது. மண்வெட்டியோடு ஆள் அனுப்பினார். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் சமாதியில் கைவைக்க விடமாட்டோம் என்று லயமே வழிமறித்து நின்றது. காரியம் முடிந்து தோண்டியபோது நல்ல மழைக்காலம். துவான் சிஹாட்டின் காதிலிருந்து மண்புழு வந்தது.

விசாரணை, பல்கலைக்கழகத்தின் மிக நீளமான மேசையில் நடந்தது. விக்னேஸ்வரி மறுகோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நோயாளியை அனுமதியின்றி ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி மரணத்துக்குக் காரணமானாள் என்பது குற்றச்சாட்டு. நிரூபிக்கப்பட்டால் படிப்பு போய்விடும். பட்டத்துக்கு இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி. அதை வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு நிஜ ஆஸ்பத்திரியில், நிஜமாக வியர்க்கிறவர்கள் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை.

"சார், அவரு மனுசர்னா அடக்கம் பண்ணது சரிதானே," என்றாள். "இல்ல பொம்மைன்னா, நான் எறக்கி வச்சது தப்பில்லயே. ரெண்டுல எது சார்?"

மேசை திகைத்தது. டத்தோ திகைக்கவில்லை.

"மதிப்பெண் வழங்கும்போது அவர் மனிதர். கணக்கு எழுதும்போது அவர் சொத்து. தோட்டத்தில் என்னவாக இருந்தார் என்பதைப் பல்கலைக்கழகம் பிறகு முடிவு செய்யும்," என்றார். "உன் அப்பா பிழைத்தது நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கள் சாதனையாகக் காட்ட முடியவில்லை, நீ நெறிமுறையை மீறியல்லவா பிழைக்கவைத்தாய்? நெறிமுறைப்படி அவர் இறந்திருந்தால் நாங்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது எழுதியிருப்போம். ஒன்றைப் புரிந்துகொள். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். பல்கலைக்கழகம் நோயாளிகளை நம்பி நடக்கவில்லை."

உமாதேவி அதைக் குறித்துக்கொண்டார்.

துவான் சிஹாட்டின் அடக்கப் படம் முகநூலில் ஏகப்பட்ட பேருக்குப் பிடித்துப்போனதும், ‘இவ்வளவு மனிதநேயமுள்ள சமூகத்தை உருவாக்கியிருக்கிறீர்கள்’ என்று தரச் சான்றிதழ்க்காரர்களே பாராட்டி எழுதியதும்தான் விக்னேஸ்வரியைக் காப்பாற்றின. டத்தோ கருணை காட்டினார். புது நோயாளியாக துவான் சிஹாட் இரண்டாமவர் வருகிறார். வரவேற்பு விழா மேடையில் விக்னேஸ்வரி அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சமூகப் பிரதிநிதியாக அவள் அப்பாவும் வந்து வாழ்த்த வேண்டும். கேட்டால் படிப்பு, இல்லாவிட்டால் வெளியே.

"போய்க் கேட்டுடு பாப்பா," என்றார் தங்கையா. "ரப்பருகிட்டதானே கேக்கப் போற. ஒரு மனுசன்கிட்ட கேட்டாத்தான் மானக்கேடு."

மேடையில் புதியவர் வெள்ளை விரிப்பில் படுத்திருந்தார். இவருக்குக் கண் பச்சை. விக்னேஸ்வரி மேடையில் தனியாக நட்டுவைத்திருந்த கதவைத் தட்டினாள். திறப்பதற்காகக் காத்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். வணக்கம் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள், ஆண்டைச் சொன்னாள். உங்கள் முன்னவரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் தாடை வலித்தது. "எனக்கு நெஞ்சு வலிக்கிறது," என்று அவர் மன்னித்தார். உமாதேவி கண் கலங்கினார். நான்கு ஆண்டில் முதல் தடவையாக விக்னேஸ்வரிக்கு முழு மதிப்பெண்.

பிறகு டத்தோ தங்கையாவை மேடைக்கு அழைத்து, சமூகத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். தங்கையா படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு நாள் காரியத்துக்கு மொட்டை போட்ட தலையோடு சின்னக்கருப்பன் கங்காணி கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

தங்கையா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஏறி இறங்குகிற நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விலகியிருந்த போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். டத்தோ நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கங்கய்யா," என்றார். "அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. மொதல்ல போனவருக்கு நாங்கதான் பாட எடுத்தோம், இவருக்கும் நாங்களே வந்து எடுத்துடறோம். ஒங்க ஆளுங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்ல."